ஆல்கீனில் (இரு கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள சேர்மத்தில்) ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது ஹைட்ரஜன் எந்தக் கார்பனுக்குப் போகும்? மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும், அதுதான் சுலபமும்கூட. சேலத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். "உள்ளவனுக்கே மேலும் சேரும்" என்று சொல்லிக்கொண்டு, ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனிலேயே இன்னொரு ஹைட்ரஜனைப் போட்டுவிடுவார்கள். ரஷ்ய வேதியியலாளர் மார்கோனிகாஃப் 1870-ல் வெளியிட்ட விதியும் அதுதான். விடை பெரும்பாலும் சரியாக வரும். ஏன் என்று கேட்டால்தான் பதில் வராது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் விடையும் வராது.

நான் அவர்களைக் கேட்கச் சொல்வது இதைத்தான்: முதலில் வந்து ஒட்டுவது எது? அது ஒட்டியபின் மிஞ்சி நிற்பது நிலையானதா?

மூன்று கார்பன் கொண்ட ஆல்கீனான புரப்பீனை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பிணைப்பின் பை எலக்ட்ரான்கள் (அதன் இரண்டாவது, தளர்வான பிணைப்பின் எலக்ட்ரான்கள்) ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து புரோட்டானை, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனை, இழுத்துக்கொள்ளும். புரோட்டான் ஓரத்துக் கார்பனில் ஒட்டினால் நேர்மின்சுமை நடுக் கார்பனில் நிற்கும். இரு பக்கமும் உள்ள மெத்தில் தொகுதிகள் எலக்ட்ரானைத் தந்து அதைத் தாங்கும். நடுவில் ஒட்டினால் சுமை ஓரத்துக்குப் போய்விடும், தாங்க ஒரு பக்கம்தான் இருக்கும். அதனால் முதல் வழியே வேகமாக நடக்கும். அப்புறம் புரோமைடு அயனி வந்து நடுவில் சேரும். கிடைப்பது 2-புரோமோபுரப்பேன்.

பெராக்சைடு இருந்தால் 1-புரோமோபுரப்பேன் வரும் என்று 1933-ல் வேதியியலாளர்கள் கராஷும் மேயோவும் காட்டினார்கள். விதி இங்கே தலைகீழாகிறது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் ஒட்டுவது இப்போது புரோமின் தனி உறுப்பு (இணைசேராத ஒற்றை எலக்ட்ரான் கொண்ட அணு), அவ்வளவுதான். அதுவும் ஓரத்தில்தான் ஒட்டுகிறது, நிலையான தனி உறுப்பு நடுவில் நிற்கிறது. ஹைட்ரஜன் குளோரைடுக்கும் அயோடைடுக்கும் இந்த விளைவு கிடையாது.

ஏற்காட்டு ஆரஞ்சுத் தோலை மடித்து அழுத்தினால் தெறிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். அதற்கு இரண்டு இரட்டைப் பிணைப்புகள்: ஒன்று வளையத்துக்குள், ஒன்று வெளியே. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் அந்த எண்ணெயைப் புரோமின் நீரில் விட்டுக் குலுக்கினால் செம்பழுப்பு நிறம் போய்விடும். சேர்க்கை வினையைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அமிலம் கலந்த நீர் வெளிப் பிணைப்பில் சேர்ந்தால் ஆல்ஃபா டெர்பினியோல் உண்டாகும். ஆரஞ்சு வாசனை போய்ப் பூ வாசனை வரும்! அங்கேயும் ஹைட்ராக்சில் (OH) சேர்வது மூவிணையக் கார்பனில்தான், அதாவது வேறு மூன்று கார்பன்களோடு இணைந்த கார்பனில்.

இப்போது 3-மெத்தில்பியூட்-1-ஈனுக்கு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்துப் பாருங்கள். விதிப்படி 2-புரோமோ-3-மெத்தில்பியூட்டேன் என்று எழுதுவீர்கள். அதுவும் கிடைக்கும். ஆனால் முதலில் உண்டாகும் ஈரிணைய அயனிக்கு (சுமையுள்ள கார்பன் இரண்டு கார்பன்களோடு இணைந்தது) பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரைடு (எலக்ட்ரான் இணையோடு நகரும் ஹைட்ரஜன்) தாவினால் மூவிணைய அயனி ஆகிவிடும், அது இன்னும் நிலையானது. ஆகவே 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேனும் கணிசமாக வரும். அயனியை வரைந்து பார்த்தவருக்குத்தான் இது பிடிபடும்.