நான்கு நிமிடம் எங்கே போயிற்று?

கேள்வி: 1972-இல் ஃபெர்னாண்டோ டி லேயோ இயக்கிய 'மிலானோ காலிப்ரோ 9' என்ற இத்தாலியப் படத்தின் ஐரோப்பிய டிவிடி வாங்கினேன். படம் 100 நிமிடம் என்கிறார்கள். என்னுடையது 96 நிமிடத்தில் முடிகிறது. வாயசைப்பும் ஒட்டவில்லை. வெட்டிய பிரதியா? 'வெட்டப்படாத முழுப் பதிப்பு' என்று ஒருவர் இரட்டை விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பதே முழுப் படமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும். ஐரோப்பிய டிவி முறைக்கு 25 வேண்டும். அதனால் படத்தையே சற்று வேகமாக ஓட்டிப் பதிந்துவிடுவார்கள். 100-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 96 வரும். ஒரு பிரேம்கூடக் குறைவதில்லை. சுருதி மட்டும் கொஞ்சம் ஏறும். லூயிஸ் பக்காலோவின் இசை அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து கேட்கும்.

கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் போட்டு, டூல்ஸ் பட்டியலில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' திறந்து பிரேம் ரேட் பாருங்கள். 25 என்றிருந்தால் கவலையை விடுங்கள். வேகத்தை 0.96-க்குக் குறைத்து, ஆடியோ அமைப்பில் 'டைம் ஸ்ட்ரெட்சிங்' (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைப்பது) என்பதையும் அணைத்தால் சுருதி பழைய இடத்துக்கு இறங்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்க டிவி முறையின் 29.97 என்று காட்டியும் படம் 96 நிமிடமே ஓடினால் குழம்பிப்போவீர்கள். அது ஐரோப்பிய டேப்பிலிருந்து அமெரிக்க முறைக்கு மாற்றிய பிரதியாக இருக்கலாம். யாராவது வேகமாக நடக்கும் காட்சியில் நிறுத்தி, ஆங்கில 'E' விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். சில பிரேம்களில் கை இரட்டையாக, ஆவிபோல் தெரிந்தால் அதேதான். அங்கும் வெட்டு கிடையாது, தரம்தான் மட்டம்.

வெட்டு இருக்கிறதா என்று பார்க்க முதலில் தொடக்கக் காட்சியைக் கவனியுங்கள். மிலானின் தூவோமோ சதுக்கத்தில் கைமாறத் தொடங்கும் பணப்பொட்டலம், அதைக் கைமாற்றியவர்களை ரோக்கோ என்ற ரவுடியின் ஆட்கள் அடித்துக் கட்டி வெடிவைத்துக் கொல்வது. இவ்வளவும் தாவாமல் ஓடினால் நல்லது.

வாயசைப்பு எந்தப் பதிப்பிலும் ஒட்டாது. அக்கால இத்தாலியில் பெரும்பாலும் பின்னர்தான் குரல் சேர்த்தார்கள். இதில் ஊகோ பியாட்சாவாக வரும் காஸ்தோனே மொஸ்கின் இத்தாலியர். பிலிப் லெருவா பிரெஞ்சுக்காரர், லயனல் ஸ்டாண்டர் அமெரிக்கர். வேறெப்படி ஒட்டும்?

இனி அந்த 'முழுப் பதிப்பு' விற்பவர். இந்த 4 நிமிடக் கணக்குத் தெரியாதவர்களை நம்பித்தான் இப்படிப்பட்டவர்கள் பிழைக்கிறார்கள். அவர் தரும் டிவிடியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஆலையில் அச்சிட்டது வெள்ளியாக மின்னும். ஊதா சாயல் அடித்தால் வீட்டுக் கணினியில் பதிந்தது. அதில் பெரும்பாலும் பூட்டு இருக்காது. காசு கொடுத்து அசல் வாங்குபவருக்குத்தான் மண்டலப் பூட்டு, அதாவது ஒரு பகுதிக்கான டிவிடி வேறு பகுதி பிளேயரில் ஓடாதபடி செய்வது: இந்தியாவுக்கு எண் 5, ஐரோப்பாவுக்கு 2, கணினி டிரைவில் மாற்ற ஐந்தே வாய்ப்பு. இந்த ஏற்பாடு யாருக்குப் பாதுகாப்பு? அந்த ஐந்து வாய்ப்பை யோசித்துச் செலவழியுங்கள்.

இத்தாலிய ஒலியையே தேர்ந்தெடுங்கள். ஆனால் அதற்கு முன் ஆங்கில ஒலியையும் ஆங்கில சப்டைட்டிலையும் சேர்த்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். சொல்லுக்குச் சொல் பொருந்தினால், அந்த சப்டைட்டில் ஆங்கில டப்பிங்கை அப்படியே எழுதியது. இத்தாலிய வசனம் வேறாக இருக்கும். இத்தாலிய வசனத்திலிருந்து தனியாக மொழிபெயர்த்த சப்டைட்டில் உள்ள பதிப்பு கிடைத்தால், அதற்கு இன்னொரு முறை காசு கொடுக்கலாம்.