கணினி கேள்வி பதில்: பழைய கிராபிக்ஸ் ட்ரைவருக்குத் திரும்புதல்

கேள்வி: கலியாண வீடியோ எடிட் செய்யும் கணினி. விண்டோஸ் 10, என்விடியா ஜீடிஎக்ஸ் 1050 டீஐ கிராபிக்ஸ் காட். போன வாரம் ட்ரைவரைப் புதுப்பித்ததிலிருந்து, வீடியோவை ஓடவிட்டால் திரை இரண்டு மூன்று செக்கன் கறுத்து மீள்கிறது. பழைய ட்ரைவருக்கே போய்விடலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: போகலாம். முதலில் குற்றம் ட்ரைவரில், அதாவது கிராபிக்ஸ் காட்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளில்தானா என்று பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லொக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். திரை கறுத்த நேரத்துக்கு நேரே 4101 என்ற எண் இருந்தால், ட்ரைவர் பதில் தராமல் நின்றதால் விண்டோஸ் அதை மீட்டிருக்கிறது. வழக்கமாக 2 செக்கன்தான் அது பொறுக்கும். புதுப்பித்த திகதிக்கு முன்னரும் இதே எண் பதிவாகியிருந்தால் ட்ரைவரை மாற்றிப் பெரும்பாலும் பயனில்லை. காட்டின் விசிறித் தூசியையும் பவர் சப்ளையையும் பாருங்கள்.

புதுப்பித்த பிறகே தொடங்கியிருந்தால் டிவைஸ் மேனேஜர், டிஸ்பிளே அடாப்டர்ஸ், காட்டின் பெயரில் வலது கிளிக், ப்ரோப்பட்டீஸ், ட்ரைவர் என்று போங்கள். அங்குள்ள வேர்ஷன் எண்ணை எழுதி வையுங்கள். 31.0.15.3623 என்பதுபோல் நீளமாக இருக்கும். புள்ளிகளை எடுத்துவிட்டுக் கடைசி ஐந்து இலக்கங்களைப் பாருங்கள்: 53623. என்விடியா தளத்தில் அதன் பெயர் 536.23. இது தெரியாமல்தான் பலர் விட்டு ஓடிய அதே ட்ரைவரை மறுபடி இறக்குகிறார்கள்.

பிறகு அதே இடத்திலுள்ள 'ரோல் பேக் ட்ரைவர்' பட்டனை அழுத்தி, கேட்கும் காரணங்களில் ஒன்றைத் தெரிந்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது ஒரு படி மட்டுமே பின்னால் போகும். பின்னாளில் புதுப்பிப்பதானால், எடிட்டிங் வேலைக்கு 'கேம் ரெடி' வேண்டாம், 'ஸ்டூடியோ' ட்ரைவரை எடுங்கள்.

கேள்வி: எனக்கு அந்த 'ரோல் பேக் ட்ரைவர்' பட்டன் மங்கிக் கிடக்கிறது. புதிய ட்ரைவரை அழித்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் அதுவே திரும்ப வந்திருக்கிறது!
– வாசகி, ஹட்டன்

பதில்: மங்கியிருந்தால் முந்தைய ட்ரைவரின் கோப்புகள் விண்டோஸிடம் இல்லை. புதிய ட்ரைவரைப் போடும்போது 'க்ளீன் இன்ஸ்டோலேஷன்' தெரிவு செய்தாலோ, டிஸ்க் க்ளீனப்பில் பழைய ட்ரைவர்களை அழித்தாலோ இப்படி ஆகும். திரும்ப வந்தது விண்டோஸ் அப்டேட்டின் வேலை. ட்ரைவர் இல்லாத காட்டைக் கண்டதும் அது இணையத்திலிருந்து தானாகவே எடுத்துப் போடும். ஆகவே இணையம் துண்டிக்கப்பட்டிருக்கும்போதுதான் ட்ரைவரை அழிக்க வேண்டும்.

பழைய ட்ரைவர் பொதியை முதலில் கையில் எடுங்கள். சீ ட்ரைவில் 'என்விடியா' என்ற ஃபோல்டர் இருந்தால் திறந்து பாருங்கள். முன்பு போட்டவை வேர்ஷன் எண்ணோடு அதில் கிடந்தால் பல நூறு எம்பி டேட்டா மிச்சம். இல்லாவிட்டால் காட் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்குங்கள். மடிக்கணினி என்றால், அந்தக் கணினியைத் தயாரித்தவர்களின் தளமே நல்லது. ட்ரைவரை முழுதாக அழிக்கும் 'டிஸ்பிளே ட்ரைவர் அன்இன்ஸ்டோலர்' என்ற இலவச மென்பொருளையும் எடுத்து வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதுங்கள். அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடுக்குப் போகும்போது கேட்கக்கூடும்.

இனி ரவுட்டர் வயரைக் கழற்றி, வைஃபையையும் நிறுத்துங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்; ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட், பிறகு 4. சேஃப் மோடில் அந்த மென்பொருளைத் திறந்து 'க்ளீன் அன்ட் ரீஸ்டார்ட்' கொடுங்கள். கணினி வழமைபோல் எழுந்ததும் பழைய ட்ரைவரைப் போடுங்கள்.

வயரைத் திரும்பச் செருகுமுன், தேடல் பெட்டியில் 'டிவைஸ் இன்ஸ்டோலேஷன் செட்டிங்ஸ்' என்று தட்டி 'நோ' தெரிந்து சேமியுங்கள். விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்கள், அதிலுள்ள குரூப் பொலிசி என்ற அமைப்புப் பகுதியில் அப்டேட்டோடு ட்ரைவர் வருவதையே நிறுத்தலாம். அதுதான் உறுதியான வழி.

கேள்வி: நடுவில் கரண்ட் போனால் கணினி பழுதாகிவிடுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பயம் வேண்டாம். ட்ரைவர் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். காட்டின் உள்ளே எதுவும் எழுதப்படுவதில்லை. பெரும்பாலும் 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்ற பெயரோடு, எழுத்துகள் பெரிதான திரை வரும். சேஃப் மோடுக்குப் போய் முதலிலிருந்து செய்யுங்கள். யூபிஎஸ் இல்லாதவர்கள் சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியான இடிமழைக்கு முன், காலையிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.