பிரஷர் இல்லாத எனக்கு ஏன் பிரஷர் குளிசை தந்தவை?

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 36 வயசு, சுன்னாகம் பக்கம் இருக்கிறன், பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன், ரெண்டு பிள்ளையள். ஏழெட்டு வருசமா ஒரு பக்கத் தலையிடி. வந்தால் விண் விண்ணெண்டு இடிக்கும், வெளிச்சம் கண்ணில படக்கூடாது, பிள்ளையள் கதைக்கிற சத்தமே தாங்கேலாது, சத்தி எடுத்தால்தான் கொஞ்சம் அடங்கும். சில நேரம் தலையிடிக்கு முதல் கண்ணுக்கு முன்னால நெளிஞ்சு நெளிஞ்சு மின்னுற மாதிரி ஒரு கோடு வரும். முந்தி மாசத்தில ரெண்டு மூண்டு தரம்தான், இப்ப ஒரு வருசமா கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு இடி இருந்துகொண்டே இருக்கு, அதால காலமை ரெண்டு பனடோல் போட்டிட்டுத்தான் பள்ளிக்கூடம் போறனான். போன மாசம் கிளினிக்கில காட்டினன், புரொப்ரனலோல் எண்டு ஒரு குளிசை தந்தவை. பார்மசியில கேட்டால் அது பிரஷருக்குக் குடுக்கிறது எண்டினம். எனக்குப் பிரஷர் இல்லை. மாமி சொல்லுறா இது பீனிசம், இங்கிலீஸ் மருந்து குடிச்சால் கிட்னி போயிடும், வேர்க்கொம்புப் பற்றுப் போட்டு மல்லித்தண்ணி குடி எண்டு. குளிசை அலுமாரிக்குள்ள அப்பிடியே கிடக்கு. நான் என்ன செய்யிறது?

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். நீங்கள் பயப்பிடுறது அலுமாரிக்குள்ள கிடக்கிற குளிசைக்கு. எனக்குக் கவலையா இருக்கிறது காலமையில நீங்கள் போடுற அந்த ரெண்டு பனடோல்தான், அதால முதல்ல அதைப் பற்றிக் கதைப்பம்.

நீங்கள் எழுதினது மைக்ரேன் எண்ட ஒற்றைத் தலையிடிக்கு நல்லாப் பொருந்துது, ஒரு பக்கம் இடிக்கிறது, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போறது, சத்தி, அதோட அந்த மின்னுற கோடு. அந்தக் கோட்டை நாங்கள் ஓரா எண்டு சொல்லுறம், வழமையா 5 நிமிசத்தில இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள போயிடும், பிறகு தலையிடி தொடங்கும். மருந்தில்லாமல் விட்டால் மைக்ரேன் 4 மணித்தியாலத்தில இருந்து 72 மணித்தியாலம் வரைக்கும் நிண்டு வாட்டும். பீனிசம் எண்டு மாமி சொன்னதில அவவைக் குறை சொல்லேலாது, ஏனெண்டால் மைக்ரேன் வரேக்கையும் சில பேருக்கு மூக்கு அடைக்கும், கண்ணால தண்ணி வரும், அதைப் பாத்திட்டு தலையில நீர் கோத்திருக்கு எண்டு நினைச்சு முழுகிறதை விட்டு, நொச்சி அவிச்சு ஆவி பிடிச்சு, வருசக்கணக்காத் திரியிற ஆக்கள் கன பேரை நான் கண்டிருக்கிறன். உண்மையான பீனிசமெண்டால் சளி தடிப்பா மஞ்சளா வரும், காய்ச்சல் இருக்கலாம், மணம் தெரியாமல் போகும். இடையில முழுசா மாறி, பேந்து அதே மாதிரி திரும்பத் திரும்ப வாறது மைக்ரேன்ர குணம்.

ஆனால் ஒவ்வொரு நாளும் இடி எண்டு நீங்கள் எழுதின இடத்திலதான் நான் நிண்டனான். மாசத்தில ரெண்டு மூண்டு தரம் வந்தது எப்பிடி ஒவ்வொரு நாளும் ஆனது? பனடோல் மாதிரி நோவுக் குளிசையை மாசத்தில 15 நாளோ அதுக்கு மேலயோ, மூண்டு மாசத்துக்கு மேல தொடர்ந்து குடிச்சால், மைக்ரேன் உள்ள ஆக்களுக்கு அந்தக் குளிசையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். கஃபீன் கலந்த பனடோல் எக்ஸ்ட்ரா மாதிரிக் குளிசை எண்டால், மைக்ரேனுக்கெண்டே இருக்கிற ட்ரிப்டான் குளிசை எண்டால், 10 நாளே போதும். குடிக்கக் குடிக்க மூளை நோவைக் கூடுதலா உணரப் பழகுது, மருந்து இறங்கினவுடன இடிக்குது, இடிக்குதெண்டு திரும்ப ரெண்டு போடுறம், இப்பிடியே சுத்திக்கொண்டு இருக்கும். நல்ல வேளை, அந்தக் குளிசையை விட்டால் இது மாறக்கூடிய விசயம்.

போன வருசம் ஒரு அம்மா வந்தவ. கதிரையில இருந்தவுடன ஹான்ட்பாக்குக்குள்ள பழைய மருந்துத் துண்டைத் தேடினவ, அதோட சேந்து பஸ் டிக்கெட்டும் நாலு பனடோல் காட்டும் மேசையில விழுந்தது. மூண்டு வெறும் காட், நாலாவதில ரெண்டு குளிசை மிச்சம். எப்ப வாங்கினீங்கள் எண்டு கேட்டன், போன வெள்ளிக்கிழமை எண்டா, அண்டைக்குப் புதன். நானும் அவவும் சேந்து அந்தக் காட்டுகளின்ர ஓட்டையளை ஒவ்வொண்டா எண்ணினம், பாதி எண்ணேக்கையே அவ அழத் தொடங்கிட்டா, இவ்வளவு குடிச்சிருக்கிறன் எண்டு அவவுக்கே தெரியேல்லை. உங்களிட்டயும் அதைத்தான் கேக்கிறன், ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.

கிட்னி விசயம். பனடோல் அளவோட குடிச்சால் கிட்னியைப் பழுதாக்காது, ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை 8க்கு மேல போனால் ஈரல்தான் பாதிக்கும். அதுக்காக 8 குடிக்கலாம் எண்டு எடுக்கவேண்டாம், அது கடைசி எல்லை, உடம்பு மெலிஞ்ச ஆக்களுக்கு அதுவும் கூட. கிட்னியைப் பாதிக்கக்கூடியது டைக்குளோபினாக், ஐபுபுரூபன் மாதிரி நோவுக் குளிசையளை நெடுகக் குடிக்கிறது, அந்த இடத்தில மாமியின்ர பயம் நியாயமான பயம்தான்.

இனி அந்தப் பிரஷர் குளிசை. புரொப்ரனலோலை 1960களில ஜேம்ஸ் பிளாக் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் இருதயத்தால வாற நெஞ்சு நோவுக்கெண்டு கண்டுபிடிச்சவர், பிறகு 1988ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சது. நெஞ்சு நோவுக்கு அதைக் குடிச்ச ஆக்களுக்கு இருந்த மைக்ரேனும் குறைஞ்சு போனதைக் கண்டுதான் தலையிடிக்கும் குடுத்துப் பாத்தவை. இண்டைக்கு உலகம் முழுக்க மைக்ரேன் வராமல் தடுக்கிறதுக்கு முதல்ல குடுக்கிற மருந்துகளில இது ஒண்டு. இது பனடோல் மாதிரி இடிக்கேக்க போடுற குளிசை கிடையாது, இடிச்சாலும் இடிக்காட்டியும் ஒவ்வொரு நாளும் குடிக்கிறது, பலன் தெரிய ஆறு எட்டு கிழமை எடுக்கும், ஒரு கிழமை குடிச்சுப்போட்டு ஒண்டும் சரிவரேல்லை எண்டு எறியிற ஆக்கள்தான் கூட. தொடங்கேக்க கொஞ்சம் களைப்பு இருக்கலாம், கை கால் குளிரலாம், இருந்து எழும்பேக்க தலை சுத்தலாம், அதுக்குத்தான் குறைஞ்ச அளவில தொடங்கிக் கூட்டிக்கொண்டு போறவை. தானா நினைச்சுத் திடீரெண்டு நிப்பாட்டவும் கூடாது.

ஒண்டு கட்டாயம் கேக்கவேணும், உங்களுக்கு ஆஸ்துமா, எங்கட ஆக்கள் முட்டு எண்டு சொல்லுறது, சின்ன வயசிலயாவது இருந்ததோ? இருந்தால் இந்தக் குளிசையைத் தொடவேண்டாம், கிளினிக்கில போய்ச் சொல்லுங்கோ, அமிட்ரிப்டிலின் மாதிரி வேற மருந்து இருக்கு. (அதை வாங்கினாலும் பார்மசியில மனநோய்க்குக் குடுக்கிறது எண்டு சொல்லுவினம், பயப்பிடாதேங்கோ, தலையிடிக்குக் குடுக்கிற அளவு சின்ன அளவு, இரவில போட்டால் நித்திரையும் நல்லா வரும்.) இன்னொரு பிள்ளைக்கு யோசிக்கிறியள் எண்டாலும் முதலே சொல்லவேணும், சில மைக்ரேன் மருந்து வயித்தில இருக்கிற பிள்ளைக்குக் கூடாது. குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை பாவிக்கிறியளோ? உங்களுக்கு ஓரா வாறதால ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசை சரிவராது, அது பக்கவாதத்துக்கான ஆபத்தைக் கூட்டும். இதைச் சொல்ல எங்கட பெண்கள் வெக்கப்பட்டு மறைக்கிறதுதான் எனக்குப் பெரிய கவலை, கிளினிக்கில நேர சொல்லி வேற முறை கேளுங்கோ.

இப்ப மாமியின்ர வைத்தியத்துக்கு வருவம். என்ர அம்மாவுக்கும் இதே வருத்தம் இருந்தது. சீலைத்தலைப்பைக் கிழிச்ச மாதிரி ஒரு துணியால நெத்தியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யன்னல் எல்லாம் பூட்டின அறையில பாயில படுத்திருப்பா, நான் பள்ளிக்கூடத்தால வந்து சத்தம் போடாமல் கிணத்துத் தண்ணியில துணி நனைச்சு நனைச்சு வைப்பன். அம்மம்மா வேர்க்கொம்பைக் கல்லில உரைச்சுப் பற்றுப் போட்டுவிடுவா. இருட்டு, நித்திரை, குளிர்ந்த துணி இந்த மூண்டும் உண்மையில வேலை செய்யிறது, இண்டைக்கும் நான் எழுதிக் குடுக்கிறனான். அந்தப் பற்றுத்தான் எரிஞ்சு எரிஞ்சு அம்மாவின்ர நெத்தியில ஒரு கறுப்புத் தழும்பை விட்டது, அதைச் சாகும் வரைக்கும் பொட்டுக்கு மேல காணலாம். அதால பற்று வேண்டாம், தோல் பொசுங்கும், நோவைத் திசைதிருப்புமே தவிர வேற ஒண்டும் செய்யாது.

அதே வேர்க்கொம்பைக் குடிக்கிறது வேற விசயம். இஞ்சி வயித்துப் பிரட்டலுக்கு நல்லது எண்டது தெரிஞ்சது, 2014ல ஈரானில 100 பேரை வச்சு வந்த ஒரு ஆய்வில இஞ்சித் தூள் சுமட்ரிப்டான் எண்ட ட்ரிப்டான் குளிசை அளவுக்கே நோவைக் குறைச்சதெண்டும் எழுதியிருக்கினம். சின்ன ஆய்வுதான், மருந்தில்லாத வெறும் தூள் குடுத்து ஒப்பிட்டுப் பாக்கவுமில்லை, அதை வச்சு மருந்தை விடச் சொல்ல மாட்டன், ஆனால் ஒரு கோப்பை இஞ்சித் தேத்தண்ணியை வேண்டாம் எண்டும் சொல்ல மாட்டன். மல்லித்தண்ணி குடியுங்கோ, தண்ணி உள்ளுக்குப் போறதே ஒரு உதவிதான். தைலம் பூசுறதெண்டால் கண்ணில படாமல் பூசுங்கோ. எண்ணெய் வச்சு முழுகிறது உங்களுக்குச் சுகமா இருந்தால் முழுகுங்கோ, மத்தியான வெயிலில தலை காய வைக்க நிக்காமல் இருந்தால் சரி. மூக்குக்குள்ள எண்ணெய் விடுறதை மட்டும் வீட்டில ஆரும் செய்யவேண்டாம், அது நெஞ்சுக்குள்ள இறங்கினால் நுரையீரல் பழுதாகும். சித்த வைத்தியம்தான் விருப்பமெண்டால் கைதடியில சித்த போதனா வைத்தியசாலை இருக்கு, படிச்ச வைத்தியர்மாரிட்டப் போங்கோ, பேரில்லாத பொட்டலத்தில ஆரோ குடுக்கிற தூளைக் குடிக்காதேங்கோ, அதுகளில ஈயம் பாதரசம் கலந்திருக்கிறதும் உண்டு, அதுதான் கிட்னிக்கு உண்மையான ஆபத்து.

கைமருந்து உங்களுக்குக் கூடத் தேவைப்படப் போறது எப்ப எண்டால், பனடோலை விடுகிற அந்த நாளுகளில. விட்டவுடன முதல் ஒரு கிழமை, பத்து நாளைக்குத் தலையிடி இன்னும் கூடும், சத்தி வரும், நித்திரை வராது, மனம் எரிச்சல்படும். அதைத் தாங்கினால் பிறகு படிப்படியாக் குறையும், முழுசா வழிக்கு வர ஒண்டு ரெண்டு மாசம் எடுக்கும். அதால பள்ளிக்கூட விடுமுறையில தொடங்குங்கோ, முதலே கிளினிக்கில கதைச்சு, தாங்கேலாத நாளைக்கு என்ன எடுக்கிறது எண்டும் கேட்டு வச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளையளை மாமி பாக்கட்டும், இஞ்சித் தேத்தண்ணியை அவவே போட்டுத் தரட்டும்.

அதுக்குப் பிறகு மைக்ரேன் வந்தால் கிழமைக்கு ரெண்டு நாளுக்கு மேல நோவுக் குளிசை வேண்டாம், ஆனால் குடிக்கிற அண்டைக்குத் தொடக்கத்திலயே குடிக்கவேணும். இடி கூடினால் பாப்பம் எண்டு பொறுத்துப் பொறுத்துக் கடைசியாப் போடுறதுதான் எங்கட பழக்கம், மைக்ரேன் முத்தினால் வயிறு அசையிறது குறைஞ்சிடும், குளிசை வயித்துக்குள்ளயே கிடக்கும், பிறகு சத்தியோட வெளியில வரும். 500 மில்லிகிராம் பனடோல் ரெண்டு, தேவையெண்டால் டொக்டர் எழுதித் தாற, சத்தியைக் குறைக்கிற டொம்பெரிடோனும் சேத்து, ஸ்ராஃப் றூமில வச்சே எடுங்கோ. அது கேக்காட்டி சுமட்ரிப்டான் எழுதித் தருவினம், இருதய வருத்தம், பக்கவாதம், அடங்காத பிரஷர் இருக்கிற ஆக்களுக்கு மட்டும் அது கூடாது, அதால பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுக்காதேங்கோ.

சாப்பாடும் நித்திரையும் நேரத்துக்கு வேணும். விரதம் பிடிக்கிற ஆக்களுக்கு, நல்லூர்த் திருவிழா நாளுகளிலயும் கந்தசஷ்டியிலயும், பசியும் வெயிலும் சேந்து மைக்ரேனைக் கூட்டிக்கொண்டு வாறதை ஒவ்வொரு வருசமும் காணுறன், முருகனுக்குத் தெரியும் உங்களுக்கு வருத்தம் எண்டு, பாலும் பழமுமாவது நேரத்துக்கு எடுங்கோ.

காய்ச்சலோட தலையிடி வந்தால் மைக்ரேன் எண்டு நினைக்கவேண்டாம், ஐப்பசியில இருந்து தை வரைக்கும் இஞ்ச டெங்குக் காலம், அப்ப பனடோலைத் தவிர ஐபுபுரூபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் ஒண்டும் தொடக்கூடாது, இரத்தம் பாருங்கோ. வாழ்க்கையில காணாத மாதிரி ஒரு நிமிசத்துக்குள்ள உச்சத்துக்குப் போற தலையிடி, கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் சோருறது, கதை குழறுறது, விழுந்து தலை அடிபட்ட பிறகு வாறது, பிள்ளைத்தாச்சிக்கு வாற கடும் தலையிடி, இதுகளுக்கு வீட்டில பற்றும் வேண்டாம் குளிசையும் வேண்டாம், உடன 1990க்கு அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடுங்கோ.

முட்டு இல்லையெண்டால் அலுமாரிக்குள்ள இருக்கிற குளிசையைத் துண்டில எழுதின மாதிரியே தொடங்குங்கோ, நீங்கள் அதைக் குடிக்கேல்லை எண்ட விசயத்தைக் கிளினிக்கில மறைக்காமல் சொல்லுங்கோ, ஆரும் ஏச மாட்டினம். குசினிக் கலண்டரில இடிச்ச நாளுக்கு ஒரு புள்ளடி, குளிசை போட்ட நாளுக்கு எத்தினை எண்டு ஒரு இலக்கம் போட்டு வாங்கோ, அடுத்த கிளினிக்குக்குப் போகேக்க கொப்பியோட அந்தக் கலண்டர்த் தாளையும் கொண்டு போங்கோ, மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவவின்ர கேள்வியளை அவவே கேக்கட்டும்.