சாம்பல் அடித்தோம், சுவர் நீலமாகத் தெரிகிறது

வணக்கம். படுக்கையறைக்கு ஷேடு கார்டைப் பார்த்து இளஞ்சாம்பல் நிறம் தேர்ந்தெடுத்தோம். இரண்டு கோட் அடித்து முடித்தபின் சுவர் நீலமாகத் தெரிகிறது. இரவில் இன்னும் மோசம். கடையில் கலவை தவறியிருக்குமா? இதிலேயே இன்னும் வெளிறிய ஷேடு அடித்தால் சரியாகுமா?
ம.

அன்புள்ள ம.,

கலவை தவறியிருக்க வாய்ப்பு குறைவு. மிச்சமிருக்கும் பெயின்ட்டை வெள்ளை அட்டையில் இரண்டு கோட் தடவுங்கள். ஒரு நாள் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஷேடு கார்டோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) பொதுவாகக் காய்ந்ததும் கொஞ்சம் அடர்த்தியாகும், அதனால் ஈரத்தில் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். இரண்டும் ஒத்துப்போனால் கடைக்காரர் மேல் தவறில்லை.

வெள்ளை பேஸில் (சாயம் சேர்க்காத அடிப்படைப் பெயின்ட்டில்) கறுப்புச் சாயம் மட்டும் சேர்த்தாலே சாம்பலில் நீலம் தட்டும். அதை அடக்கத்தான் மஞ்சள் ஆக்சைடோ சிவப்பு ஆக்சைடோ துளி சேர்ப்பார்கள். கார்டின் சின்னக் கட்டத்தில் இந்தச் சாயல் கண்ணுக்குப் பிடிபடாது. நான்கு சுவரிலும் அடித்துவிட்டால், ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பும். ஒவ்வொரு திரும்பலிலும் சாயல் ஏறும். மூலைகளில் நீலம் அதிகமாகத் தெரிகிறதா என்று பாருங்கள், இதுதான் காரணம். ஜன்னலில் நேரடி வெயில் விழாத அறையாக இருந்தால் உள்ளே வருவது வானத்து வெளிச்சம், அதுவே நீலம் கலந்தது.

அதனால் அதே வரிசையில் வெளிறிய ஷேடு அடிப்பது பயன் தராது. வெள்ளை கூடும், நீலச் சாயல் அப்படியே இருக்கும்.

முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள். இரவில் மோசம் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். பல்பின் உறையில் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் 6500 கெல்வின் என்றிருந்தால் அது நீலம் தூக்கும் வெளிச்சம். 3000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்குக் குறையாத பல்பு போடுங்கள். பாதிப் பேருக்கு மேல் இதோடு மனம் ஆறிவிடும் என்பது என் எண்ணம்.

பகலிலும் உறுத்தினால் மறுபடி அடிப்பதுதான் வழி. ஷேடு கார்டின் ஒரே வரிசையில் ஆக அடர்த்தியான கட்டத்தைப் பாருங்கள். வெளிறிய கட்டம் மறைக்கும் சாயலை அது காட்டிக்கொடுத்துவிடும். அங்கே பழுப்பு தெரிகிற வரிசையில் இரண்டு ஷேடு தேர்ந்தெடுத்து, மாதிரி டப்பா மட்டும் வாங்குங்கள். நேராகச் சுவரில் தடவினால் சுற்றியிருக்கும் நீலம் கண்ணை ஏமாற்றும். ஒவ்வொரு ஷேடுக்கும் 2 அடிக்கு 2 அடி அட்டை இரண்டு எடுத்து, ஓரம்வரை இரண்டு கோட் அடித்து, அறையின் மூலையில் எல் வடிவில் சேர்த்து நிறுத்துங்கள். ஒன்றின் வெளிச்சம் மற்றதில் பட்டு, அறை முழுக்க அடித்தால் எப்படியிருக்கும் என்பது ஓரளவு தெரியும். காலை, மதியம், விளக்குப் போட்டபின் என மூன்று வேளையும், தரையும் கட்டில் விரிப்பும் பார்வையில் படும்படி பாருங்கள். சிவந்த தரை சுவரின் கீழ்ப்பாதிக்குத் தன் நிறத்தை ஏற்றும்.

இப்போதுள்ள பெயின்ட் உரியாமல் இருந்தால் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசி துடைத்தாலே போதும். பட்டி வைத்த இடங்களுக்கு மட்டும் பிரைமர் கட்டாயம். விட்டால் அங்கே உறிஞ்சல் கூடித் திட்டுத் திட்டாகத் தெரியும்.

10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. கதவும் ஜன்னலும் போக ஏறக்குறைய 400. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி என்று வைத்தால் 7 அல்லது 8 லிட்டர் ஆகும். டின்னில் போட்டிருக்கும் பரப்பையும் ஒருமுறை சரிபாருங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கி, பெரிய வாளியில் எல்லா டின்னையும் ஊற்றிக் கலக்கியபின் அடிக்கச் சொல்லுங்கள். டின்னுக்கு டின் மெல்லிய வித்தியாசம் இருந்தால் சுவரின் நடுவில் கோடாகத் தெரியும்.