கீபோர்டின் பின்னணி உயிரோட்டமாக ஒலிக்க

கேள்வி: கோயில் விழாக்களிலும் திருமண விருந்துகளிலும் அரேஞ்சர் கீபோர்டு (தானாகவே பின்னணி இசை தரும் கீபோர்டு) வாசிக்கிறேன். சுரம் பிசகாமல் வாசித்தாலும், பின்னணி இயந்திரம் ஓடுவதுபோல் இருப்பதாகச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: கீபோர்டில் உள்ள ஸ்டைல் என்பது சில தாளச் சுற்றுகளே நீளமுள்ள பின்னணி இசைத்துண்டு, அதையே மூன்று நிமிடம் மாற்றமின்றி ஓடவிட்டால் எந்தக் காதும் சலித்துப்போகும். முதலில் மிக்சரைத் திறந்து பேட் (நீண்டு ஒலிக்கும் மெல்லிய பின்னணி ஒலி), ஸ்டிரிங்ஸ், இரண்டாவது கிதார் ஆகியவற்றை அணைத்துவிட்டு, பல்லவியைத் தாளமும் பேஸும் (தாழ்ந்த சுரப் பகுதி) மட்டும் தாங்குமாறு தொடங்குங்கள். மற்றவை சரணத்தில் வந்து சேரட்டும்.

என் அனுபவத்தில் பெரும் வேறுபாட்டைத் தருவது பேஸ்தான். கார்டு (சுரக்கூட்டு) வாசிக்கும் முறையை ‘ஆன் பேஸ்’ (இடக்கையின் அடிச்சுரமே பேஸாக ஒலிக்கும் முறை) என்று மாற்றி, சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போகும் வழியில், இடக்கையின் அடிச்சுரமாக ‘பி’யை வைத்து ஜி மேஜரை வாசித்துப் பாருங்கள். பேஸ் சி, பி, ஏ எனப் படிப்படியாக இறங்கும்போது, மனிதர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வாசிப்பதைப் போலவே இருக்கும்.

ஃபில் (தாளத்தில் சிறு அலங்காரத்தைச் சேர்க்கும்) பொத்தானை வரிக்கு வரி அழுத்த வேண்டாம். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒருமுறை போதும். விருத்தம் பாடப்படும்போது தாளத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, சுருதியை மட்டும் மெல்லப் பிடித்திருங்கள். பாடகர் பல்லவியை எடுத்த பிறகு, அவருடைய வேகத்துக்கேற்ப டேப் டெம்போ (தட்டும் வேகத்தையே தாளத்தின் வேகமாக்கும்) பொத்தானைத் தட்டித் தாளத்தைத் தொடங்குங்கள்.