அமெரிக்காவின் ஆர்.சி. அண்ட் டி. (வளப் பாதுகாப்பு, மேம்பாடு) கவுன்சில் அரசு அலுவலகமா, தொண்டு நிறுவனமா?

பெரும்பாலும் லாபநோக்கற்ற அமைப்புதான்; ஆனால் அரசு போட்ட விதை. 1962ஆம் ஆண்டு வேளாண் சட்டம் இதற்கு வழிவிட்டது. பல கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) சேர்ந்த வட்டாரத்துக்கு ஒரு கவுன்சில். உள்ளூர் ஆட்சியினர், மண்வளப் பாதுகாப்புக்கான உள்ளூர் அமைப்பினர், ஊர்க்காரர்கள் எனச் சம்பளமில்லாத உறுப்பினர்கள். வேளாண் துறையிடமிருந்து வந்த பெரிய உதவி பணமல்ல, ஆள். அது அமர்த்திய ஒருங்கிணைப்பாளர்தான் மானிய விண்ணப்பம் எழுதுவார், துறைகளிடம் நடையாய் நடப்பார். மண்ணரிப்புத் தடுப்பு, உள்ளூர் விளைபொருள் விற்பனை, சுற்றுலா எல்லாம் ஒருவர் மேசையில்! 2011இல் மத்திய நிதி நின்றபோது 375 கவுன்சில்கள் இருந்தன. ஆள் போனதும் பல முடங்கின. அயோவா மாநிலத்தின் மேற்கில் உள்ள கோல்டன் ஹில்ஸ் கவுன்சில் போன்றவை மானியம், நன்கொடை என்று திரட்டி இன்னும் ஓட்டுகின்றன.