மன்னித்தால் புகாரைத் திரும்பப் பெற்றாக வேண்டுமா?

கேள்வி: பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊரொன்றில் வசிக்கிறேன். கணவருக்கு வள்ளம் என்கிற நாட்டுப்படகு இருக்கிறது. நண்டு வலைதான் தொழில். வாரத்தில் விசைப்படகுக்கு 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற முறை எங்கள் கரையில் உண்டு. சென்ற ஆண்டு நாட்டுப்படகுக்கு உரிய நாளொன்றின் இரவில், கணவரின் சித்தப்பா மகனுடைய விசைப்படகு மடி வலையை இழுத்துக்கொண்டு போனதில், வட்டிக்குக் கடன் வாங்கிப் போட்ட எங்கள் வலை முழுவதும் போய்விட்டது. பார்த்தவர்கள் இருந்தும் அவர் இல்லையென்று சாதிக்கிறார். மீன்வளத்துறையிலும் மரைன் போலீஸிலும் புகார் கொடுத்திருக்கிறோம். ஆற்றாமையில் ஒருநாள் அவருடைய படகைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றிவிட்டேன். இரண்டு மாதத்தில் அதன் எஞ்சின் பழுதானபோது மகிழ்ந்தேன், பிறகு பயந்தேன். இப்போது அவர் மகளுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். "மன்னித்துப் புகாரைத் திரும்ப வாங்கிவிடுங்கள், நாம் கிறிஸ்தவர்கள்தானே" என்கிறார்கள் உறவினர்கள். மன்னித்துவிட்டேன் என்று நானும் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில், அவர் முகம் தெரியாதபடி கண்ணை மூடிக்கொள்கிறேன். என் மன்னிப்பு பொய்யா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

புகாரைத் திரும்பப் பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அடித்தவரை விட்டுவிட்டு, அடிபட்டவரிடமே போய் விட்டுக்கொடுக்கச் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் ஊறிப்போயிருக்கிறது, அதற்கு வேதத்தையும் துணைக்கு இழுக்கிறார்கள். "உங்கள் பகைவரிடமும் அன்பு கூருங்கள், உங்களைத் துன்புறுத்துவோருக்காக இறைவனிடம் வேண்டுங்கள்" என்று ஆண்டவர் சொன்னது மெய் (மத்தேயு 5:44). அதே ஆண்டவர், விசாரணையின்போது காவலர் ஒருவர் தம்மைக் கன்னத்தில் அறைந்ததும், தாம் பேசியதில் தவறிருந்தால் அதைக் காட்டுமாறும், தவறில்லையென்றால் எதற்காக அடித்தாய் என்றும் நேருக்கு நேர் கேட்டார் (யோவான் 18:23). அப்படிக் கேட்டவர்தான் மறுநாள் சிலுவையில் தொங்கியபடி, தம்மைக் கொல்பவர்களுக்காகத் தந்தையிடம் மன்றாடினார்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 மே 13 அன்று சுடப்பட்டார். நான்காம் நாளே, மருத்துவமனையிலிருந்து ஒலிபரப்பான செய்தியில், சுட்டவரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று அந்த மனிதரின் அருகில் அமர்ந்து பேசினார். பேசி முடித்தபின் திருத்தந்தை வெளியே வந்தார், அந்த மனிதர் சிறையிலேயே இருந்தார். இத்தாலிய அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2000-ஆம் ஆண்டில்தான். சட்டம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்ததால் திருத்தந்தையின் மன்னிப்பு குறைந்துபோனதாக யாரும் சொல்லவில்லை.

பீடத்தருகே காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனுடன் ஒப்புரவாகச் சொல்லும் வசனத்தையும் (மத்தேயு 5:23-24) உங்களிடம் யாராவது காட்டியிருப்பார்கள். அதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் நீ எழுந்து போ என்றுதான் அது சொல்கிறது. அந்தக் கணக்குப்படி, முதலில் எழுந்து உங்கள் வாசலுக்கு வர வேண்டியவர் வலையை அறுத்தவரே.

ஆனால், உங்கள் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்த இடம், மண்ணை வாரித் தூற்றியதைச் சொல்லும் இடம். நம் கரையில் ஒரு பெண் குனிந்து மண்ணை அள்ளினால், அதற்குமேல் அவளிடம் சொல் எதுவும் மிச்சமில்லை என்று பொருள். அந்த நிலைக்கு நீங்கள் தள்ளப்பட்டீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. எஞ்சினைப் பற்றிப் பயப்படாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஓடும் எஞ்சின் பழுதாவதற்கு யாருடைய சாபமும் வேண்டியதில்லை. நாம் அள்ளி வீசும் மண்ணைக் கடவுள் கையில் வாங்கிக்கொண்டு அலைபவரும் அல்ல. அன்று உங்களுக்கு வந்த மகிழ்ச்சியைத்தான் கவனிக்க வேண்டும். அந்தப் படகில் கூலிக்குப் போகிறவர்களின் வீட்டிலும் அன்று அடுப்பு எரிந்திருக்காதே என்ற நினைப்பு அந்த நேரத்தில் உங்களுக்கு வரவில்லை. பகை அப்படித்தான் நம்மை ஒரே ஒரு முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது. என் தகப்பனார், வேலிக்கு அந்தப்புறமா இந்தப்புறமா என்று தீராத ஒரு பனைமரத்துக்காகப் பக்கத்துத் தோட்டக்காரரோடு சாகும்வரை பேசவில்லை. அந்த மரம் பட்டுப்போய் விறகாகி எரிந்து முடிந்த பிறகும், அந்த வீட்டுக் கோழியைக்கூட அவர் எங்கள் முற்றத்தில் மேயவிட்டதில்லை.

நீங்கள் ஓரியூருக்குப் போயிருப்பீர்கள். மறவ நாட்டில், அதாவது இராமநாதபுரம் சீமையில், மறைப்பணி செய்யக் கூடாது என்று ஒருமுறை விரட்டப்பட்ட பிறகும் திரும்பி வந்த சேசு சபைக் குரு புனித அருளானந்தர், அந்நாட்டு மன்னர் சேதுபதியின் ஆட்சியில் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கேதான் தலை வெட்டப்பட்டு இறந்தார். வெட்ட வந்தவரை அவர் தழுவிக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அங்கே போகிறவர்கள் அந்தச் சிவந்த மண்ணில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் இட்டுவிடுகிறவர்களும் உண்டு. வெட்டியவர்களைச் சபிப்பதற்காக அந்த மண்ணை யாரும் அள்ளுவதில்லை. மண்ணைத் தூற்றியதை ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்யும்போது, சொல்லுங்கள். வலை போனதையும் எஞ்சின் பழுதானதையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காமல், உங்கள் பங்கை மட்டும் சொன்னால் போதும்.

இனி, மன்னிப்பு பொய்யா என்ற கேள்விக்கு வருகிறேன். நினைத்தால் வயிறு எரிகிறது என்பதற்காக மன்னிக்கவில்லை என்று ஆகிவிடாது. பிறர் நமக்குச் செய்த குற்றத்தின் வலியை உணராமல் இருப்பதும் அதை மறப்பதும் நம் கையில் இல்லை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே ஒத்துக்கொள்கிறது (எண் 2843); தன்னைத் தூய ஆவியிடம் ஒப்படைக்கும் இதயத்தில் காயம் இரக்கமாக மாறும் என்றும் அங்கேயே சொல்கிறது. அந்த மாற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை. அதுவரை செய்யக்கூடிய காரியம் ஒன்றைப் பழைய ஏற்பாடு காட்டுகிறது. உன் பகைவனின் மாடோ கழுதையோ வழி தவறிப் போவதைக் கண்டால், அதைப் பிடித்துக் கொண்டுபோய் அவனிடம் விடு என்கிறது விடுதலைப் பயண நூல் (23:4). அவனைப் பிடித்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை, மாட்டைக் கொண்டுபோய் விடச் சொல்கிறது. நம் கரைக்கு மாடு என்றால் படகு. காற்று நாளில் அவருடைய படகு கயிறு அறுந்து மிதந்து போவதை உங்கள் கணவர் கண்டால், கட்டி இழுத்துவந்து கரை சேர்க்கட்டும். சேர்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பினாலும் குற்றமில்லை. நீங்கள் இரவுச் செபத்தில் அவர் பெயரை ஒருமுறை சொல்லுங்கள். "அவனுக்குப் புத்தி கொடும் ஆண்டவரே" என்று ஆரம்பிக்காதீர்கள், அது செப உடுப்பில் வரும் வசவு. அவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் அதைச் சொல்லி மன்றாடுங்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் கண்ணைத் திறந்து, அவர் இருக்கும் திசையில் கைகூப்புங்கள். இப்போதைக்கு அவ்வளவு போதும்.

கல்யாணத்துக்குப் போங்கள். அந்தப் பெண் உங்கள் வலையை அறுக்கவில்லை. விருந்தில் உட்கார மனம் வராவிட்டால், கோயிலில் பூசை முடிந்ததும் பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு வந்துவிடலாம். மொய் எழுதுவதும் எழுதாததும் உங்கள் வசதி.

புகாரைப் பொறுத்தவரை, அதனால் உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசுங்கள். வலையின் விலையும் அதற்குக் கட்டிய வட்டியும் கேட்பது நியாயம். அவர் படகைக் கரையில் ஏற்றிவிட வேண்டும் என்பது ஆசையானால், அதைக் கைவிடுங்கள். வரி வசூலித்த சக்கேயு, இயேசுவைச் சந்தித்தபோது, தான் ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னார் (லூக்கா 19:8). உங்கள் மைத்துனர் ஒரு மடங்கு தந்தாலே அவர் ஆன்மாவுக்கும் நல்லது. கல்யாணம் முடியும்வரை பொறுத்திருந்து, முதலில் உங்கள் கணவர் அவரைத் தனியாகப் பார்க்கட்டும். கேட்காவிட்டால், அன்றிரவு கடலில் இருந்தவர்களில் ஒருவரையோ இருவரையோ அழைத்துக்கொண்டு மறுபடி போகட்டும். மத்தேயு 18-ஆம் அதிகாரம் சொல்லும் வரிசை இதுதான். அதற்கும் மசியாவிட்டால் ஊர்க் கமிட்டி இருக்கிறது, நீங்கள் கொடுத்த புகாரும் இருக்கிறது. வலை வாங்கிய ரசீதையும் வட்டி கட்டிய சீட்டுகளையும் நனையாத இடத்தில் எடுத்து வையுங்கள்.